விலா எலும்பும் கருவாட்டுக் குழம்பும்

1

போன மாதம் என் அண்ணன் கோபால் திருவண்ணாமலையிலிருந்து போன் செய்தான். தேரடித் தெருவில் வெளிநாட்டுக்குப் பேசுகிற பூத் வந்துவிட்டதாம். எட்டு வருஷம் என்னோடு பேசாதவன், நேற்றுத்தான் பேசி வைத்தவன்போல ஆரம்பித்தான்.

"வசந்தா, நல்லா இருக்கியாம்மா? மாப்ள எப்பிடி இருக்காரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான். அங்கே மீட்டர் ஓடுகிறது இல்லையா.

"நம்ம சேகரு டிகிரி முடிக்கப் போறான். மேல படிக்க அங்கதான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். நீ ஸ்பான்சர் பேப்பரு போட்டு, உங்க ஊட்லயே வச்சிக்கினியின்னா புண்ணியமாப் போவும்."

"எங்க ஊட்ல இருந்தா என் கையாலதான சாப்புடணும்?"

"அதுக்கென்னா? அவன் எல்லாம் சாப்புடுவான். காலம் மாறிப் போச்சிம்மா. இன்னும் பழசயே நெனச்சிக்கினு இருக்கலாமா?"

அதுக்கென்னா. இதைக் கேட்டதும் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பழசு என்னவென்று உங்களுக்குத் தெரியட்டும். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனி பெய்வதையும் பூங்காவில் வாத்து நீந்துவதையும் எழுதி அனுப்புவார்கள். எனக்கு இப்போது வாத்தைப் பற்றி எழுதுகிற மனநிலை இல்லை.

2

கீழ்பென்னாத்தூரில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். எங்களுக்குக் கொஞ்சம் நெல்லு, கொஞ்சம் மல்லாட்டை. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். அப்பாவை நைனா என்போம். எழுபதுகளின் தொடக்கத்தில் என்னை ஏகாம்பரத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் அப்போதே இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய பஞ்சாலை ஊரில் பஸ் டிப்போ மெக்கானிக்.

விசாவுக்காக மதராஸுக்குப் போனேன். மொழிபெயர்க்க ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிகாரி கேட்ட கேள்விகளில் ஒன்று, உங்கள் அப்பா வீட்டில் எத்தனை மாடு என்பது. உழவு மாடு இரண்டு, கறவை ஒன்று, கன்று ஒன்று என்று கணக்குப் போட்டு நாலு என்றேன். இதே கேள்வியை அங்கே ஏகாம்பரத்திடமும் கேட்டிருக்கிறார்கள். அவர் பார்த்தது ஏர் ஓட்டிய ஜோடியைத்தான். இரண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நாங்கள் உண்மையிலேயே புருஷன் பெண்டாட்டியா என்ற சந்தேகம் வந்துவிட்டது. திரும்ப ஒருமுறை போய், கன்றுக்குட்டியும் எங்களூரில் மாட்டுக் கணக்குத்தான் என்று விளக்கிவிட்டு வந்தேன். மாடு என்ற சொல்லால் எனக்கு வந்த முதல் தொல்லை அது.

இங்கே வந்து கவிதா பிறந்து, அவள் நடை பழகியதும், வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் சமையலறை வேலைக்குப் போனேன். தலைமைச் சமையல்காரி டோரின். கனத்த உடம்பு, கனத்த குரல், பின்கட்டில் நின்று ஓயாமல் சிகரெட். முதல் வாரம், "ஜாயிண்ட் வந்துவிட்டது, உள்ளே எடுத்து வை" என்றாள். எனக்குத் தெரிந்த ஜாயிண்ட் மூட்டு. கிழவிகள் நிறைந்த இடத்தில் யாருக்கோ மூட்டு பிசகி அழைத்து வந்திருக்கிறார்கள் என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே கசாப்புக்காரர் தோளில் ஒரு பெரிய மாட்டு விலாவோடு நின்றிருந்தார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் டோரின் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். விலாத் துண்டைக் காலையிலேயே வெளியே எடுத்துக் குளிர் போகவிட வேண்டும். ஈரம் ஒற்றி, கயிற்றால் கட்டி, மேலே இருக்கிற கொழுப்பின்மேல் கடுகுப்பொடி, மாவு, மிளகு, உப்பு தேய்க்க வேண்டும். எலும்பையே கால்களாக வைத்துத் தட்டில் நிறுத்தி, முதலில் கடுஞ்சூடு, மேல்தோல் நிறம் மாறியதும் சூட்டைக் குறைக்க வேண்டும். உருகி வடிகிற கொழுப்பை அவ்வப்போது எடுத்து மேலேயே ஊற்ற வேண்டும். வெந்ததும் உடனே அறுக்கக் கூடாது. மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தால்தான் சாறு உள்ளேயே அடங்கும்.

கையில் முதன்முதலில் அந்த விலாவைத் தொட்டபோது என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். நான் விவசாயி மகள். கோடையில் தீவனம் கம்மியாகும்போது மாட்டின் விலா வெளியே தெரிவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். அந்த எலும்பின் வளைவு எனக்குப் பழக்கம். கையை எடுத்துவிட்டேன். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது கிழடுகள் பண்டிகைக் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேரைப் பார்க்க அன்றைக்கும் யாரும் வரவில்லை. பசித்தவருக்குச் சமைப்பது என் வேலை. சமைத்தேன். நன்றாகவே வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து டோரின் அந்தத் தட்டை என்னிடமே விட்டுவிட்டாள். பண்டிகை அன்றைக்கு வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் அங்கேயே சாப்பாடு. கவிதாவுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அம்மா சுடுகிற விலா என்று ஆனது அப்படித்தான். நான் அதைச் சாப்பிட்டதில்லை. அது என் நாக்கின் விஷயம், யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

3

கவிதாவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது நைனா போய்விட்டார் என்று தந்தி வந்தது. ஏகாம்பரத்துக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் கவிதாவும் மட்டும் கிளம்பினோம். நாங்கள் மதராஸில் இறங்கியபோது எல்லாம் எரிந்து முடிந்திருந்தது. தீபத்துக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. திண்டிவனம் முதல் செஞ்சிவரை கவிதாவை யாரோ ஒரு அம்மா மடியில் உட்கார வைத்துக்கொண்டார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டு நின்றபடி அழுதேன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் அகல் ஏற்றவில்லை. இருட்டியதும் ஊர்ப் பிள்ளைகள் மேற்கே பார்த்துக் கும்பிடும். தூரத்தில் மலைமேல் நெருப்பு ஒரு பொட்டாகத் தெரியும். அம்மா அதைப் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள்.

கொட்டகையில் ஒரே ஒரு மாடு கட்டியிருந்தது. மயிலை. அதன் ஜோடி செவலையைக் காணோம். செவலை நைனா கைவளர்ப்பு. அவர் குரல் கேட்டால்தான் ஏரில் கழுத்தைக் கொடுக்கும்.

"செவல எங்கண்ணா?" என்று கோபாலைக் கேட்டேன்.

"தீபச் சந்தையில வித்துட்டம்மா. வயசாயிடுச்சி. இழுக்க மாட்டேங்குது. அதும் பாட்டுக்கு நின்னு தின்னுக்கினு இருந்தா கட்டுப்படி ஆவுமா?"

"யாரு வாங்கனது?"

"வியாபாரிதான்."

வியாபாரி என்றால் யார் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். லாரி மேற்கே அறுப்புக்குப் போகும். ஏர் இழுக்காத மாட்டை வாங்கிப்போய் யாரும் பொங்கல் வைத்துக் கும்பிடுவதில்லை. நைனா செத்துக் கருமாதிகூட ஆகவில்லை. குடும்பம் நடத்துகிறவன் அவன், அவன் கஷ்டம் அவனுக்கு என்று விட்டுவிட்டேன்.

4

கருமாதிக்கு முந்தின நாள் சாயங்காலம் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் செய்து வைக்க வேண்டும். நைனாவுக்குக் கேழ்வரகுக் களியும், கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் இருந்தால் உலகமே வேண்டாம். "குழம்ப நான் வைக்கறேன்" என்றேன். அண்ணி சுலோச்சனா சந்தோஷமாக அடுப்பை விட்டுக் கொடுத்தாள். ஒரே மகள் நான். அவர் முகத்தைக்கூடப் பார்க்காத மகள். அந்தக் குழம்பு ஒன்றுதான் நான் அவருக்குச் செய்ய மிச்சம் இருந்தது.

முற்றத்தில் கவிதாவும் அண்ணன் மகன் சேகரும் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய தமிழ் அரைகுறை. இருந்தாலும் வந்த நாளிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணியின் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திருவண்ணாமலையில் அரிசி மண்டி வைத்திருப்பவர். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் தலை அசைந்தால்தான் நடக்கும்.

"உங்க ஊர்ல பண்டிகைக்கி இன்னா செய்வீங்க?" என்று சேகர் கேட்டான்.

"கிறிஸ்மஸ்க்கு அம்மா ரோஸ்ட் பண்ணும்."

"கோழியா?"

"இல்ல. பீஃப்."

"பீஃப்னா?"

கவிதா சொல்லைத் தேடினாள். கிடைக்கவில்லை. கொட்டகையைப் பார்த்தாள். மயிலையைக் கை நீட்டிக் காட்டினாள். "அது. அதுக்கு இங்க இருக்குமே..." என்று தன் விலாவைத் தொட்டுக் காட்டினாள். "அம்மா சூப்பரா பண்ணும். எல்லாரும் கிளாப் பண்ணுவாங்க."

அம்மாவைப் பெருமையாகச் சொன்ன குழந்தை அது. அதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை.

அரிசி மண்டிக்காரர் எழுந்தார். "அந்தப் பொண்ணு வாயில ரெண்டு போடுங்க மொதல்ல" என்றார். யாரும் அடிக்கவில்லை. ஆனால் அண்ணி வந்து சேகரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், அம்மை வந்த பிள்ளையிடமிருந்து இழுப்பதுபோல.

"கோபாலு," என்றார் அவர், "இந்தக் கையால செஞ்சத வச்சா அந்த மனுசன் ஆவி எப்பிடிய்யா எடுக்கும்?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சமையலறைக்குள் போனான். பிடிதுணி வைத்துக் குழம்புச் சட்டியைத் தூக்கினான். என்னைத் தாண்டிக் கொட்டகைக்குப் போய்ச் சாணிக்குழி ஓரம் வைத்துவிட்டு வந்தான்.

"செவலைய யாருக்கு வித்த?" என்றேன்.

"இப்ப அது எதுக்கு?"

"உழவுக்கா வாங்கினு போனாங்க? நீதான சொன்ன, இழுக்காதுன்னு."

"அது வேற வசந்தா. வித்தா வியாபாரம். அறுக்கற பாவம் அறுக்கறவனுக்கு."

"நானும் அறுக்கலியே."

அவனுக்குப் பதிலாக அரிசி மண்டிக்காரர் சொன்னார். "பொம்பள வாயப் பாரு. காலனிக்காரனுக்கும் நமக்கும் அப்பறம் இன்னாம்மா வித்தியாசம்?"

பிரச்சினை மாடு இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நைனா சாவுக்கு இரண்டு நாள் பறையடித்தவர்கள் காலனிக்காரர்கள். சுடுகாட்டில் கட்டை அடுக்கியவர்கள் அவர்கள். அடித்து முடித்துத் தெருமுனையிலேயே நின்று அரிசி வாங்கிக்கொண்டு போனவர்கள். வாசலுக்குள் வராத அவர்கள் வரிசையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் நான் துடித்துப்போவேன் என்று அந்த ஆள் நினைத்தார்.

"வித்தியாசம் இருக்குதுங்க மாமா," என்றேன். "அவங்க வாங்கித் திங்கறாங்க. நீங்க வித்துத் திங்கறீங்க."

படையலில் அண்ணி அவசரமாக வைத்த சாம்பார் இருந்தது. நைனாவுக்குச் சாம்பார் என்றால் காய்ச்சல்காரன் சாப்பாடு.

5

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கொட்டகைக்குப் போனாள். சாணிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் கொண்டுபோன களி உருண்டையைப் பிட்டு, அந்தச் சட்டியிலேயே தொட்டுச் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"உப்பு சரியா இருக்குது," என்றாள்.

இதை நான் டோரினிடம் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல அம்மா என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் இல்லை. கொட்டகையில் வந்து சாப்பிட்டவள், கூடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாலி அறுத்த வீட்டில் மகன் கையை எதிர்பார்த்து இருக்கிறவள் பேச முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாதுதான். அதுவும் சேர்ந்துதான் எனக்குக் கோபம். அவள் அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் போனாள். எனக்குத் தந்தி வரவில்லை. ஊர்க்காரர் ஒருவர் எழுதித்தான் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில், செஞ்சி தாண்டியதும், கவிதா இங்கிலீஷில் கேட்டாள். "நான் சொன்ன வார்த்தை தப்பா அம்மா?"

"இல்ல கண்ணு. நீ சொன்னது சரிதான்."

"அப்ப ஏன்?"

நான் அவள் தலையைத் தடவினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுமுதல் அவள் தமிழ் பேசவில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள். கெஞ்சியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் தாய்மொழியை விட்டுவிடுகிறார்கள் என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். நாங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்தோம், டெலிவிஷன் கெடுத்தது என்பீர்கள். என் பெண்ணின் தமிழை இந்த ஊர் எடுத்துக்கொள்ளவில்லை. அது கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு முற்றத்தில், ஒரு சாயங்காலத்தில் போயிற்று. படையல் போனதைக்கூட மறந்துவிடுவேன். இதை மறக்க மாட்டேன்.

6

அந்த வருஷம் நான் வேலைக்குத் திரும்பிய சில நாளில் கிறிஸ்துமஸ். விலாத் துண்டைக் கட்டும்போது கயிறு கையை அறுக்கும் அளவுக்கு இழுத்திருக்கிறேன். "மாடு ஏற்கெனவே செத்துவிட்டது வசந்தா," என்றாள் டோரின். அப்போதுதான் எனக்கு முதன்முதலில் நைனாவை நினைத்து வாய்விட்டு அழ வந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

இப்போது டோரின் ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறாள். அதனால் இந்த வருஷம் பண்டிகையை எங்கள் வீட்டிலேயே வைத்தேன். அவள், நாங்கள் மூன்று பேர். ஏகாம்பரம் உருளைக்கிழங்கை உரித்தார். கவிதாவுக்குப் பதினேழு வயது. மேஜையைத் துடைத்துத் தட்டுகளை வைத்தாள். விலாவை ஓவனிலிருந்து எடுத்து, மூடி வைத்துவிட்டு, அதிலிருந்து வடிந்த சாற்றில் மாவைக் கரைத்துக் கொண்டிருந்தேன். போன் அடித்தது. கவிதா எடுத்தாள்.

கோபால்தான். போன மாதம் நான் கேட்டதற்குப் பதில் சொல்லக் கூப்பிட்டிருக்கிறான். நான் கேட்டது இதுதான்: "பொங்கல் கரிநாளுக்கு வரேன். நைனாவுக்குக் கருவாட்டுக் குழம்பு நான் வைக்கறேன். உன் மாமனார உக்கார வச்சி, அவரு எதிர்ல நீ உன் கையால எடுத்துப் படைக்கணும். கவிதாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். அப்பறம் சேகர அனுப்பு. என் புள்ள மாதிரி வச்சிக்கறேன்." யோசித்துச் சொல்கிறேன் என்று அன்றைக்கு வைத்துவிட்டான்.

கவிதா என்னைப் பார்த்தாள். என் கையெல்லாம் மாவு. ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அவன் குரல் சமையலறைவரை கேட்டது. யார் எடுத்தது என்றுகூட அவன் கவனிக்கவில்லை. அவ்வளவு அவசரம்.

"...மாமா ஒடம்பு சரியில்லாதவரும்மா, அவர உக்கார வச்சி அதெல்லாம் எதுக்கு? ஜனங்க பேச்சுக்கு ஆளாவணுமா? குழம்பு கதையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல நீ சேகருக்குப் பேப்பரப் போடு. காலேஜ்ல தேதி சொல்லிட்டாங்களாம். கேக்குதா வசந்தா?"

அப்புறம் பார்த்துக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனை நோக்கி நகர்ந்தேன்.

கவிதா கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். ரிசீவரை வாய்க்கு நேராகப் பிடித்தாள். ஒவ்வொரு சொல்லாக, கல்லைத் தாண்டுகிறவள்போல நிதானமாகப் பேசினாள்.

"மாமா, நான் கவிதா. அம்மா வேலயா இருக்காங்க."

என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா சொன்னதுதான், மாமா."

போனை வைத்துவிட்டாள். ஏகாம்பரம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். டோரின், அவள் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டாள். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. விலாவின் மேல் மூடியிருந்த துணியை எடுத்தேன். விருந்தாளிக்கு முதல் துண்டு வைப்பதுதான் இந்த ஊர் வழக்கம். நான் முதல் துண்டை அறுத்து என் மகள் தட்டில் வைத்தேன்.